கேரல் வரும் ராத்திரிக்கு என்ன குடிக்கக் கொடுக்கலாம், ஏழு வீட்டுக்கு என்ன கொடுத்தனுப்பலாம்?

கேள்வி இதுதான்: "கல்யாணமாகி எங்களுக்கு முதல் கிறிஸ்துமஸ். நாகர்கோவில் பக்கம் வாடகை வீடு. நடுராத்திரி கேரல் பாட 30 பேர் வருவார்களாம், பாதிப்பேர் சின்னப் பிள்ளைகள். அவர்களுக்குக் குடிக்க என்ன கொடுப்பது? பக்கத்தில் ஏழு வீடு இருக்கிறது, எல்லாச் சமயத்தாரும் உண்டு. கடையில் வாங்காமல் கையால் செய்து கொடுக்க ஆசை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், ஞாயிறு மட்டும்தான் கிடைக்கும். நான் இதுவரை முறுக்குகூடச் சுட்டதில்லை."

முறுக்கு சுட்டதில்லை என்பதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல சேதி. முதல் வருஷமே எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம் என்று சொல்ல வசதியாகப் போயிற்று. எங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக டிசம்பர் பலகாரம் என் பொறுப்பு. அதில் நான் கெடுத்த பண்டங்களில் பாதிக்குமேல் சுவையில் கெட்டவை அல்ல, ஈரத்தில் கெட்டவை. வடகிழக்குப் பருவமழை வால் ஆட்டிக்கொண்டிருக்கும் மாதம் இது. காற்றில் எப்போதும் ஈரப்பதம். காலையில் கலகலவென்று இருக்கும் அச்சு முறுக்கு சாயங்காலம் சவசவத்துப் போகும். அதனால் செய்கிற அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பண்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் கொடுத்து நாலு நாள் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை டப்பாவைத் திறக்கும்போது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்குப் பொருந்துவது மூன்றுதான்: சுக்கு மல்லிப் பொடி, இஞ்சி ஒயின், கடலை மிட்டாய். மூன்றிலும் ஈரம் குறைவு, அல்லது சர்க்கரை அந்த ஈரத்தைக் கட்டிப்போட்டிருக்கும்.

கேரல் ராத்திரிக்குச் சுக்கு காப்பியைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டாம். பனியில் நாலைந்து மணி நேரம் பாடிக்கொண்டு வருகிற தொண்டைகள். போன வீடுகளிலெல்லாம் கேக்கும் கலர் சோடாவும் கொடுத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் சூடாக, காரமாக, கருப்பட்டி மணத்தோடு ஒரு தம்ளர் கிடைத்தால் அடுத்த வருஷமும் உங்கள் தெருவில் ஒரு பாட்டு கூடுதலாகப் பாடுவார்கள்.

பொடிக்கு: சுக்கு 100 கிராம், கொத்தமல்லி விதை 200 கிராம், மிளகு 15 கிராம், ஏலக்காய் 10 கிராம். "சுக்குக்குப் புறமே நஞ்சு" என்பார்கள். மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். கடைச் சுக்கில் சுண்ணாம்பும் படிந்திருக்கும், அதுவும் இதோடு போய்விடும். பிறகு இடிகல்லில் நாலாக உடையுங்கள். முழுச் சுக்கை அப்படியே மிக்சியில் போட்டால் பிளேடு உடையும். நான் ஒன்று உடைத்திருக்கிறேன். மல்லியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை மட்டும் வறுங்கள், சிவக்க வேண்டாம். மிளகு லேசாகச் சூடு ஏறினால் போதும். ஏலக்காயை வறுக்காமல் தோலோடு போட்டுவிடலாம். எல்லாம் ஆறின பிறகுதான் அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்து மூடினால் பாட்டிலுக்குள்ளேயே வியர்த்துக் கட்டிபிடிக்கும்.

அரைப்பில் கொஞ்சம் ஒட்டிப் போனாலும் 300 கிராமுக்கு மேல் பொடி கிடைக்கும். 30 பேருக்குத் தலைக்கு 150 மில்லி என்றால் நாலரை லிட்டர் தண்ணீர், 70 கிராம் பொடி, 500 முதல் 600 கிராம் கருப்பட்டி. கருப்பட்டியை முதலில் தனியாகக் கரைத்து வடிகட்டிவிடுங்கள். எவ்வளவு நல்ல கருப்பட்டியானாலும் அடியில் மணலும் தூசியும் கொஞ்சம் இருக்கும். வடிகட்டின நீரில் பொடியைப் போட்டு ஐந்து நிமிஷம் கொதித்தால் போதும். பிள்ளைகளுக்குக் காரம் கூடுதலாகத் தெரியும். அவர்கள் தம்ளரில் பாதிக்கு வெந்நீர் ஊற்றி இன்னும் ஒரு துண்டு கருப்பட்டி போடுங்கள், மறுபேச்சில்லாமல் குடிப்பார்கள். பால் வேண்டும் என்று யாராவது கேட்டால் அடுப்பில் வைத்துக் கலக்காதீர்கள், திரிந்துபோகும். காப்பியை இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் காய்ச்சின பாலைத் தம்ளரிலேயே ஊற்றிக் கொடுங்கள். கருப்பட்டி உடன்குடிப் பக்கத்தது கிடைத்தால் விடாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. சர்க்கரை கலந்த கருப்பட்டி எல்லா ஊர் கடையிலும் நடமாடுகிறது, அதனால் தெரிந்தவர்களிடம் வாங்குவதே நல்லது.

மீதமுள்ள பொடிதான் உங்கள் முதல் கொடை. ஏழு சின்னக் கண்ணாடி பாட்டில், ஒவ்வொன்றிலும் 30 கிராம், கூட ஒரு சில்லுக் கருப்பட்டி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீடு என்று தெரிந்தால் கருப்பட்டியை வைக்காமல் பொடியை மட்டும் கொடுங்கள். கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு ஆகும் என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம், அதுவும் இனிப்புதான். ஈரக் கரண்டி படாமல் இருந்தால் இந்தப் பொடி மூன்று மாதம் மணம் குறையாமல் இருக்கும்.

இஞ்சி ஒயின் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெயரில் மட்டும்தான் ஒயின். புளிக்க வைப்பதே இல்லை, காய்ச்சி இறக்குகிற சர்பத் இது. திருச்சி பொன்மலை, சென்னை பெரம்பூர் போன்ற ரயில்வே குடியிருப்புகளில் இருந்த ஆங்கிலோ இந்திய வீடுகளில் இது இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. 250 கிராம் இளசல்லாத இஞ்சியைக் கழுவித் தட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் பட்டை ஒரு துண்டு, கிராம்பு ஆறு, வற்றல் மிளகாய் இரண்டு போட்டு, சிறு தீயில் இருபது நிமிஷம் கொதிக்க விடுங்கள். விதையை உதிர்த்த மிளகாயாக இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள்தான் அதிகம் குடிப்பார்கள் என்றால் மிளகாயே வேண்டாம்.

துணியில் பிழிந்து வடித்ததும் உடனே சர்க்கரையைக் கொட்டிவிடாதீர்கள். பலரும் சறுக்குகிற இடம் இது. இரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும், இஞ்சியில் இருக்கிற மாச்சத்து அது. மேலே தெளிந்த நீரை மட்டும் 500 மில்லி அளந்து எடுங்கள். மண்டியோடு காய்ச்சினால் பாட்டிலில் கலங்கலாக நிற்கும், பார்க்க மருந்துக்கடைச் சமாசாரம் மாதிரி இருக்கும். அந்தத் தெளிவில் ஒரு கிலோ சர்க்கரையைப் போட்டுக் கரைத்து ஐந்து நிமிஷம் கொதிக்க விடுங்கள்.

நிறத்துக்கு: இரும்புச் சட்டியில் நாலு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தனியாகக் கருக விடுங்கள். கருஞ்சிவப்பு வந்து புகை எழும்பும்போது அரைத் தம்ளர் வெந்நீரை எட்டி நின்று ஊற்ற வேண்டும். குபுக்கென்று தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இந்தக் கருக்கலைப் பாகில் கலந்து, கடைசியில் இரண்டு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் சேர்த்து இறக்குங்கள். புளிப்புச் சுவைக்கு மட்டுமில்லை, இவ்வளவு கெட்டியான பாகு ஆறினபின் கற்கண்டாக உறையாமல் இருக்கவும் அது வேண்டும்.

நீர் ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு. எடையில் கிட்டத்தட்ட இந்தக் கணக்கு இருந்தால்தான் மருந்து எதுவும் சேர்க்காமல் பாகு வெளியில் தாங்கும். உடம்புக்கு ஆகாது என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் இரண்டு வாரத்தில் பூசணம் பூக்கும். குறைக்க வேண்டும் என்றால் கலக்கும்போது குறையுங்கள். 150 மில்லி தண்ணீருக்கு 20 மில்லி பாகு போதும். அதிலேயே நாலு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். வெந்நீரிலும் கலக்கலாம், ஐஸ் போட்ட தண்ணீரிலும் கலக்கலாம், சோடாவிலும் நன்றாக இருக்கும்.

ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். இரண்டு மடங்காகக் காய்ச்சினால் 200 மில்லி பாட்டில் ஏழு நிறைந்து, கிறிஸ்துமஸ் பகலில் வருகிறவர்களுக்கும் நாற்பது தம்ளர் தேறும். பாட்டில்களைப் பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்க வைத்து, கவிழ்த்து, சொட்டு ஈரம் இல்லாமல் காயவிட்டு, பாகு சூடாக இருக்கும்போதே ஊற்றி மூடுங்கள். கண்ணாடியும் சூடாக இருக்க வேண்டும், குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கிற பாகு பட்டால் விரிசல்தான்.

ஒட்டுகிற சீட்டில் மட்டும் "இஞ்சி சர்பத்" என்று எழுதுங்கள். என் அனுபவம்: பாய் வீட்டுக்கு "ஜிஞ்சர் ஒயின்" என்று அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் போனபோது பாட்டில் மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது. கேட்கவும் கூச்சம், குடிக்கவும் தயக்கம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வீட்டில் திராட்சை ஒயின் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு 21 நாள் மூடி வைப்பது சாராயச் சத்து உண்டாகிற வேலைதான். "வீட்டில் செய்தது, ஒன்றும் செய்யாது" என்பது பேச்சுக்கு. பிள்ளைகள் குடிக்கிற வீட்டில் அது வேண்டாம், சட்டத்துக்கும் ஆகாது. திராட்சை ருசிதான் வேண்டும் என்றால் கம்பம் பன்னீர் திராட்சையை வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க விளைவதால் டிசம்பரிலும் கிடைக்கும். ஒரு கிலோவைக் கால் லிட்டர் தண்ணீரில் தோல் வெடிக்கும்வரை வேகவிட்டு, மசித்து, விதை உடையாமல் வடித்து, சாற்றின் எடைக்குச் சம எடை சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்தால் கருநீலத்தில் அழகான பாகு. ஆனால் இது ஃபிரிட்ஜில் மட்டும்தான் நிற்கும், இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதனால் கொடுத்தனுப்ப ஆகாது, வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சாத சாற்றை இறுக்கி மூடி வெளியில் வைத்தால் உள்ளுக்குள் புளித்து வாயு சேரும். எங்கள் மாமி வீட்டில் ஒரு பாட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்து, திருடன் என்று தெருவே எழுந்துவிட்டது.

பலகாரத்துக்கு வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்துதான் பலகாரம், கேக் இரண்டாம் பட்சம். வெளியூர்க்காரர்கள் முந்திரிப்பருப்பைத் தேடி ஏமாறுவார்கள். முந்திரி என்பது இங்கே திராட்சையைக் குறிக்கும் பழைய சொல், கொடிமுந்திரி என்பார்களே அது. வறுத்து உடைத்த சிறுபயறு, சிவக்க வறுத்த தேங்காய், எள், வெல்லப்பாகு எல்லாம் சேர்த்துச் சின்ன உருண்டை பிடித்து, மூன்று மூன்றாக அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் போட்டால் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு குலையாக வரும். அதனால்தான் கொத்து. பத்துப் பதினைந்து நாள் தாங்கும். தேங்காய் பச்சையாக இருந்தால் மூன்றாம் நாளே சிக்கு வாடை அடிக்கும். பாகு ஒரு நொடி முன்னே பின்னே போனால் உருண்டை கல்லாகும், இல்லை எண்ணெயில் பிரிந்து கரையும். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற வேலை இல்லை. உங்கள் தெருவில் கட்டாயம் ஓர் அக்கா இதைச் செய்துகொண்டிருப்பார். "நான் வந்து உருட்டித் தரட்டுமா?" என்று கேட்டுப் போய் உட்காருங்கள். ஒரு சாயங்காலத்தில் பக்குவமும் பிடிபடும், பழக்கமும் ஏற்படும், ஒரு தூக்குச்சட்டி நிறைய பலகாரமும் கையோடு வரும்.

அச்சு முறுக்கும் அப்படித்தான். புது அச்சை வாங்கின அன்றே மாவில் விட்டால் மாவு அச்சை விட்டு இறங்காது. ஒரு நாள் கஞ்சித் தண்ணீரில், ஒரு ராத்திரி எண்ணெயில் என்று பழக்கித்தான் இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அச்சு எண்ணெயில் காய வேண்டும், மாவில் முக்கால் பங்குதான் முங்க வேண்டும், விளிம்பு மூடினால் கழலாது. அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் முயலவே வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரிப்பருப்பும் சேர்ந்த அந்த நுரை, இந்த ஈரக்காற்றில் வீட்டு அடுப்புக்கு அடங்காது.

இந்த வருஷம் நீங்கள் செய்ய வேண்டியது கடலை மிட்டாய். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும். அந்தச் சரக்கோடு போட்டி போட வேண்டாம், ஆனால் வீட்டுக் கடலை மிட்டாய்க்கு ஒரு மணம் உண்டு. வறுத்துத் தோல் நீக்கிப் பாதியாக உடைத்த நிலக்கடலை 250 கிராம், வெல்லம் 200 கிராம். இதுபோல நாலு முறை செய்தால் வீட்டுக்குக் கால் கிலோ வீதம் ஏழு வீட்டுக்கும் சரியாக வரும். நாலையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டினால் பாதி பரப்புவதற்குள் மீதி சட்டியிலேயே உறைந்துவிடும்.

வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி மறுபடி அடுப்பில் வையுங்கள். நுரை பெரிதாகப் பொங்கி, பிறகு சிறுத்து, நிறம் மாறும். அப்போதிருந்து ஒவ்வொரு சொட்டாகக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். முதலில் கரையும், பிறகு உருட்ட வரும், பிறகு இழுத்தால் ரப்பர் போல நீளும். அவசரப்பட்டு அங்கே இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். இன்னும் ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து எடுத்த சொட்டைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கும், கடித்தால் நொறுங்கும். அடுப்பை அணைத்துக் கடலையையும் ஏலப்பொடியையும் கொட்டிக் கிளறி, நெய் தடவின தட்டில் போட்டு, நெய் தடவின கிண்ணத்து அடிப்பாகத்தால் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போடுங்கள். ஆறினதும் கோட்டோடு உடையும். உடைத்த உடனே ஒவ்வொரு துண்டையும் பட்டர் பேப்பரில் சுற்றுங்கள். அரை மணி திறந்து கிடந்தாலே மேலே பிசுபிசுக்கும். சுற்றுகிற வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம், எண்ணி வைத்துவிட்டு.

முழுக் கடலை, துண்டுக் கடலை எதுவானாலும் நாலைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும். அப்படிப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பொட்டுக்கடலையைப் பொடித்து வெல்லத்தூளும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டை கொடுங்கள். சளிக்கு நல்லதென்று தேன் பாட்டில் வைக்கிற பழக்கம் உண்டு, ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே ஆகாது.

கேக்கைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். ரம் இல்லாமல் செய்யலாம். உலர்பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தால் போதும், ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள், அதற்குமேல் வேண்டாம். மாதக்கணக்கில் ஊறுவது மதுவில்தான் நடக்கும், சாற்றில் புளித்துப்போகும்.

நாள் கணக்கு: கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முந்தைய ஞாயிறு இஞ்சிப் பாகு. அந்த வாரத்தில் ஏதாவது இரண்டு சாயங்காலம் சுக்குப் பொடி, வறுத்து ஆற ஒரு நாள், அரைக்க ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு கடலை மிட்டாய். 23, 24 தேதிகளில் வேலைவிட்டு வந்து கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் சரி.

கட்டுவதற்குச் செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், அச்சு மை தின்பண்டத்தில் இறங்கும். பனை ஓலைப்பெட்டி நம் பக்கம் இன்னும் கிடைக்கிறது, பார்க்க அழகு. ஆனால் ஓலை இடுக்கில் காற்றுப் போகும். பலகாரத்தை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு அதைப் பெட்டிக்குள் வையுங்கள். செய்த தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டு. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், சைவ வீட்டுக்காரர்கள் "முட்டை இருக்குமோ" என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். இந்த மூன்றிலும் முட்டை இல்லை என்பதைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

ஏழு வீட்டில் ஏதாவது ஒன்றில் இந்த வருஷம் சாவு விழுந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இவ்வருஷம் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டமாட்டார்கள். அங்கே 24ஆம் தேதி வரை காத்திருக்காமல் முதலில் போங்கள், பங்கையும் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். டப்பாவை யாரும் உடனே திருப்பித் தராவிட்டால் கேட்காதீர்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்ப நம்மூரில் யாருக்கும் மனசு வராது. பொங்கலுக்கோ நோன்புக்கோ ஏதாவது நிறைந்துதான் வரும், குறைந்தது ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும்.

தம்ளருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். சுக்கு காப்பிக்குக் காகிதக் கப் வேண்டாம், தம்ளரே நல்லது. எவர்சில்வர் தம்ளர் 30 உங்களிடம் இருக்காது. முந்திரிக்கொத்து அக்காவிடமே கேளுங்கள், அவர் வீட்டில் இருக்கும்.